முடிவு சொல்லாத குடும்ப நாவல்களை என்ன செய்வது?

கேள்வி இதுதான். இப்போது வரும் குடும்ப நாவல்களில் மனசுக்கு இதமான ஆள் ஒருவர்கூட இல்லை. எரிந்து விழும் அம்மா, வாயே திறக்காத அப்பா, ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று யாருக்கும் புரியாத பிள்ளை. இவர்களோடு முந்நூறு பக்கம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால் கதை அந்தரத்தில் நிற்கிறது. சேர்ந்து படிப்பவர்களில் பாதிப் பேர் ஆஹா என்கிறார்கள், மீதிப் பேர் "நல்லா ஏமாத்திட்டார்" என்கிறார்கள். இது எழுதியவரின் திறமையா, முடிக்கத் தெரியாததா? சண்டை போடாமல் இதைப் பற்றி உருப்படியாக எப்படிப் பேசுவது?

இரண்டும் உண்டு. முடிக்கத் தெரியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள், தெரிந்தே நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். எது எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்வதற்குச் சில நாவல்களின் முடிவைப் போட்டு உடைக்க வேண்டியிருக்கிறது. படிக்காதவர்கள் அந்தந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். கடைசிப் பக்கத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியாமல் போகலாம். ஆள் செத்தானா பிழைத்தானா என்பதுகூடத் தெரியாமல் போகலாம். ஆனால் அந்தப் பக்கம் வருவதற்குள், இனிமேல் யார் நினைத்தாலும் மாற்ற முடியாத ஏதோ ஒன்று அந்தக் குடும்பத்தில் நடந்து முடிந்திருக்க வேண்டும். அது எது என்று வாசகரால் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அந்த நாவல் தன் வேலையை முடித்துவிட்டது. விரல் வைக்க இடமே கிடைக்கவில்லை என்றால் ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பதில் தப்பில்லை.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) இதற்கு நல்ல உதாரணம். காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகக் குழந்தை இல்லை. ஊர் பேசுகிறது, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் குறிப்பிட்ட இரவில், குழந்தை இல்லாத பெண் முன்பின் தெரியாத ஆணோடு சேர்ந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று நாவலில் ஒரு வழக்கம், அதற்குப் பொன்னாவை அனுப்பிவைப்பது என்பது அந்த வழி. காளி ஒத்துக்கொண்டான் என்று அவளிடம் பொய் சொல்கிறார்கள். அவள் போகிறாள். விஷயம் தெரிந்து காளி, மாடு கட்டும் தன் தொண்டுப்பட்டிக்கு வந்து சேர்கிறான். தலைக்கு மேலே பூவரச மரத்தின் கிளைகள் விரிந்திருக்கின்றன. அண்ணாந்து பார்க்கிறான். அவ்வளவுதான், நாவல் நின்றுவிடுகிறது.

தூக்குப் போட்டுக்கொள்வானா மாட்டானா? இதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம், பேசியும் இருக்கிறார்கள். ஆனால் விரல் வைக்க வேண்டிய இடம் அந்தக் கிளை அல்ல. காளி இருந்தாலும் இறந்தாலும், அந்த இருவருக்கும் நடுவில் இருந்த நெருக்கம் அந்த ராத்திரியோடு போய்விட்டது. நாவலின் முக்கால்வாசிப் பக்கங்கள் அந்த நெருக்கத்தைக் கட்டி எழுப்பத்தான் செலவாகியிருக்கின்றன. ஊர் முழுக்கக் கரித்துக்கொட்டினாலும் ராத்திரியில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொள்ள இடம் இருந்தது. அதை அவர்கள்மேல் பாசம் வைத்தவர்களே சேர்ந்து இடித்துப்போடுகிறார்கள். அது முடிந்த விஷயம். திரும்ப ஒட்டவைக்க முடியாது.

இதற்கு நாவலாசிரியரே ஒரு சோதனை செய்து காட்டினார். 2014ஆம் ஆண்டு 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரண்டு தொடர்ச்சிகளை ஒன்றாக வெளியிட்டார். ஒன்றில் காளி இறந்துவிடுகிறான். மற்றதில் பிழைத்துக்கொள்கிறான். இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிரிந்து போகிற இரண்டு கதைகள். முதலாவதில் பொன்னா அவன் இல்லாத வீட்டில் நாளை ஓட்ட வேண்டும். இரண்டாவதில் அவன் இருக்கிறான், ஆனால் அவளோடு பேசுவதில்லை. எந்தப் பக்கம் போனாலும் பாரம் பொன்னா தலையில்தான் இறங்குகிறது. "அவன் செத்தானா இல்லையான்னு சொல்லியிருக்கலாம்ல" என்று குறைப்படுகிறவர்களுக்கு இரண்டையும் படித்துப் பார்க்கச் சொல்வேன். பதில் கிடைத்த பிறகு அந்தக் கேள்வியே சின்னதாகத் தெரியும். அது ஆண் பக்கத்துக் கேள்வி என்பதும் அப்போதுதான் உறைக்கும். முதல் நாவலை மூடும்போது பொன்னாவுக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு, கவனித்துப் பாருங்கள்.

கன்னடத்திலிருந்து இன்னொன்று. விவேக் ஷான்பாகின் 'காச்சர் கோச்சர்'. 2013இல் வந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம்தான். சொல்கிறவனுக்குப் பெயரே கிடையாது. கஷ்டத்தில் இருந்த குடும்பம், சித்தப்பாவின் மசாலாத் தொழிலில் திடீரென்று பணம் பார்த்துவிடுகிறது. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாரும் அவரைச் சுற்றியே வாழ்கிறார்கள். இவனுக்கு வேலையும் இல்லை, சம்பளம் மட்டும் வருகிறது. மனைவி அனிதா கேள்வி கேட்கிறவள், அதனால் வீட்டுக்கு ஆகாதவள். ஊருக்குப் போன அவளிடமிருந்து தகவல் இல்லை. கொலைகள் எவ்வளவு சுலபமாக நடக்கின்றன என்று வீட்டில் சாவகாசமாகப் பேசிக்கொண்டது அவனுக்கு ஞாபகம் வருகிறது. கடைசிப் பக்கத்தில் காபி ஹவுஸில் உட்கார்ந்திருக்கிறான். சர்வர் வின்சென்ட் அவனிடம், கையைக் கழுவிக்கொள்ளுங்கள், ரத்தமாக இருக்கிறது என்கிறான்.

அனிதாவை ஏதாவது செய்துவிட்டார்களா? நாவல் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு வழக்கே முடிந்துவிடுகிறது. பெண்டாட்டி பற்றி இப்படிப்பட்ட சந்தேகம் வந்த ஒருவன் என்ன செய்ய வேண்டும்? ஓட வேண்டும், தேட வேண்டும், யாரையாவது பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும். இவன் காபி ஹவுஸில் உட்கார்ந்து நமக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் அடுத்த ரயிலில் பத்திரமாக வந்து இறங்கினாலும் இவன்மேல் விழுந்த தீர்ப்பு மாறாது. தன் வீட்டாரால் அது முடியும் என்று நம்புகிறான், நம்பிக்கொண்டே சும்மா இருக்கிறான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வீட்டில் எறும்பு வரும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பம் எறும்புகளை எவ்வளவு ஆசையாகக் கொல்கிறது என்று விவரமாக வரும். முதல் வாசிப்பில் அது வேடிக்கை. முடிவு தெரிந்த பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். திறந்த முடிவு வைக்கிற நல்ல நாவலாசிரியர் பதிலை இப்படி முன்னாலேயே எங்கேயோ போட்டு வைத்திருப்பார். கடைசிப் பக்கத்தில் தேடுவதால்தான் கிடைக்காமல் போகிறது.

சரி, இந்த மனிதர்களைப் பற்றி. "இவளைப் பிடிக்கவே இல்லை" என்று ஒருவர் ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே படுத்துவிடும் என்பது பலருக்கும் அனுபவம். பிடிக்கவில்லை என்பதில் குற்றம் ஒன்றுமில்லை. அதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று கேட்க வேண்டும். அந்த இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பல சமயம் அது அந்தப் பாத்திரம் கெட்ட காரியம் செய்த இடமாக இருக்காது. நாம் வெளியே சொல்லாத ஒன்றை அது வாய்விட்டுச் சொன்ன இடமாக இருக்கும்.

அமெரிக்க எழுத்தாளர் லயனல் ஷ்ரைவரின் 'வீ நீட் டு டாக் அபவுட் கெவின்' நாவலில் (2003இல் வந்தது, பெண் எழுத்தாளர்களுக்கான ஆரஞ்சு பரிசை 2005இல் பெற்றது) அம்மா ஈவா அப்படித்தான். அவள் மகன் கெவின் பள்ளியில் பல பேரைக் கொன்றுவிட்டுச் சிறையில் இருக்கிறான். அவள் கணவனுக்குக் கடிதம் கடிதமாக எழுதுகிறாள். கர்ப்பமாக இருந்தபோதே சந்தோஷம் வரவில்லை என்கிறாள், குழந்தையைத் தூக்கும்போது பாசம் பொங்கவில்லை என்கிறாள். வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது இங்கேதான். அம்மா ஆசையாக வளர்க்காததால் பிள்ளை இப்படி ஆனான் என்று ஒரு கட்சி. பிறவியிலேயே அவன் அப்படி, அவள் என்ன செய்வாள் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் சாட்சி ஒரே ஆள். அவள் எழுதியதைத் தவிர நம்மிடம் வேறு எதுவும் இல்லை. கைக்குழந்தை வேண்டுமென்றே அழுது பழிவாங்கியதாக அவள் எழுதினால், அது குழந்தையைப் பற்றிய தகவலா, எழுதுகிறவளைப் பற்றிய தகவலா?

கடைசியில் மகனிடம் நேரடியாகவே கேட்கிறாள், ஏன் செய்தாய் என்று. முன்பெல்லாம் தெரியும் என்று நினைத்தேன், இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது. மொத்த நாவலும் எந்தக் கேள்விக்காக எழுதப்பட்டதோ, அதற்குப் பதில் இல்லை. ஆனாலும் இதை ஏமாற்று என்று யாரும் சொல்ல முடியாது. அவனுக்காக அவள் வீட்டில் ஒரு அறை தயாராக இருக்கிறது. காரணம் தெரிந்தால்தான் மன்னிக்க முடியும் என்று இருந்தவள், காரணம் தெரியாமலே அவனை ஏற்றுக்கொள்ள முடிவு பண்ணியிருக்கிறாள். விரல் வைக்க வேண்டிய இடம் அந்த அறை.

இந்த நாவலைப் பேசும்போது மட்டுமல்ல, பொதுவாகவே ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பாத்திரத்துக்கு நோய்ப் பெயர் வைப்பது. இவர் நார்சிசிஸ்ட், அவள் டாக்சிக், இது சின்ன வயதுக் காயம். சில சமயம் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் பெயர் வைத்தவுடன் அந்த ஆளைப் பற்றி யோசிப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் சிக்கல். இதில் வாசகரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இருநூறாம் பக்கத்தில் ஒரு பழைய கொடுமையை எடுத்துப் போட்டு "இப்போது புரிகிறதா?" என்கிற நாவல்கள் நிறைய வருகின்றன. அதுவரை உயிரோடு இருந்த பாத்திரம் அந்த நிமிஷமே ஒரு மருத்துவக் குறிப்பாகச் சுருங்கிவிடும். ஒரே வீட்டில் ஒரே கஷ்டத்தில் வளர்ந்த அண்ணன் தம்பி இரண்டு மாதிரி ஆகிறார்கள். ஏன் என்பதைத்தான் குடும்ப நாவல் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதைச் சத்தமே இல்லாமல் செய்து காட்டியவர் தி. ஜானகிராமன். 'அம்மா வந்தாள்' (1966) சமகால நாவல் என்ற கணக்கில் வராது, ஆனாலும் இந்தப் பேச்சில் அதைத் தவிர்க்க முடியாது. அதில் வரும் அம்மா அலங்காரம், கணவன் இருக்கும்போதே இன்னொருவனோடு உறவு வைத்திருப்பவள். அவள் ஏன் அப்படி வாழ்ந்தாள் என்பதற்கு அதில் காரணப் பட்டியல் கிடையாது. வேதம் படித்த மகனின் காலில் விழுந்து தன் பாவத்தைக் கரைத்துவிடலாம் என்று நம்பியிருக்கிறாள். அந்த மகன் அவள் நினைத்த மாதிரி வரவில்லை. அவள் காசிக்குப் போகிறாள். அங்கே போய் என்ன ஆயிற்று, நிம்மதி கிடைத்ததா, ஒன்றும் தெரியாது. எல்லாரும் அலங்காரத்தைப் பற்றியே பேசித் தீர்க்கிறார்கள். நானாக இருந்தால் பேச்சை அவள் கணவர் தண்டபாணியின் பக்கம் திருப்புவேன். தன் வீட்டுக்குள் வந்து போகிறவன் யார், எதற்கு வருகிறான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வருஷக்கணக்காக அதே வீட்டில் இருக்கிறார். அது பெருந்தன்மையா, கோழைத்தனமா, காதலா, தண்டனையா? அந்த நாவலில் எனக்குப் புரியாத ஆள் அவர்தான். புரியாததால்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்க முடிகிறது.

முடிவு பிடிக்காமல் வாசகர்கள் சண்டைக்கு வருவதும் புதுசு இல்லை. ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது பெரிய ரகளை. அந்தக் கதை திறந்த முடிவு கொண்டதே அல்ல, மூடிய முடிவு. காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்த மகளின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று கதையை முடித்துவிடுகிறாள். அதைப் பலரால் ஏற்க முடியவில்லை. ஜெயகாந்தன் அந்த எதிர்ப்பையே கையில் எடுத்துக்கொண்டார். அம்மா அப்படிப் பெரிய மனசு பண்ணாமல் ஊரைக் கூட்டி அழுதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970) பிறந்தது. 1972இல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கியது. அதன் தொடர்ச்சியாக 'கங்கை எங்கே போகிறாள்' வந்தது. ஒரு சிறுகதைக்குப் போட்ட முற்றுப்புள்ளியை அழித்துவிட்டு இரண்டு நாவல்கள். நல்ல முடிவைவிட நம்பக்கூடிய முடிவு எவ்வளவு நீளமானது என்பதை இதில் பார்க்கலாம்.

இன்றைய குடும்ப நாவல் ஏன் இப்படித் தொங்கலில் நிற்கிறது என்பதற்கு ஒரு காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. பழைய நாவல்களுக்கு முடிவுகள் தயாராக இருந்தன. கல்யாணம், சாவு, சொத்துப் பிரிவினை, பிரிந்தவர் கூடுவது. இன்றைக்குக் கதை கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. விவாகரத்து ஆனாலும் பிள்ளைகள் மூலமாக உறவு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா செத்தாலும் அவரோடு போட்ட சண்டை சாவதில்லை. இந்தச் சூழ்நிலையில் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஒரே வீட்டில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டால் அதுதான் பொய்யாகத் தெரியும். 1888இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் தன் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். பிரச்சினையைத் தீர்ப்பது வேறு, பிரச்சினையைச் சரியாக முன்வைப்பது வேறு, கலைஞனுக்கு இரண்டாவதுதான் கடமை என்பது அதன் சாரம். இதைத் திறந்த முடிவுக்கு லைசென்ஸ் மாதிரி எடுத்துக்கொள்கிறவர்கள் 'சரியாக' என்கிற வார்த்தையை விட்டுவிடுகிறார்கள்.

அங்கேதான் ஏமாற்று வேலைகள் ஆரம்பிக்கின்றன. மிகச் சாதாரணமானது மர்மத்தை விற்றுவிட்டுப் பின்வாங்குவது. முதல் பக்கத்திலேயே காணாமல் போன தங்கை, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு தடயம், கடைசியில் "உண்மை என்பது யாருக்குத் தெரியும்" என்று ஒரு தத்துவம். வாசகரைத் துப்பறிய வைத்து இழுத்து வந்த நாவல் துப்புக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். 'காச்சர் கோச்சர்' அனிதாவைக் காட்டி நம்மை இழுத்து வருவதில்லை, அவள் வராதது கடைசியில்தான் கனக்கிறது. அதனால் அங்கே பதில் இல்லாதது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கிறது. இன்னொரு வகை, யாரோ ஜன்னலைத் திறக்கிறார்கள், மழை பெய்கிறது, நாவல் முடிந்தது. மழைக்கும் அந்தக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் கேட்டவருக்கு ரசனை இல்லை என்பார்கள். தைரியமாகக் கேளுங்கள்.

கூடிப் பேசும்போது எனக்கு அதிகம் பயன்பட்ட கேள்வி ஒன்று: இந்த வீட்டில் யாரைப் பேச விடவில்லை? ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' (கொரிய மொழியில் 2007) நாவலில் மூன்று பகுதிகள். இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று ஒரு பெண் நிறுத்திக்கொள்கிறாள், குடும்பமே அவள்மேல் பாய்கிறது. முதல் பகுதி கணவன் சொல்வது. இரண்டாவது அக்காவின் கணவனை ஒட்டிப் போகிறது, மூன்றாவது அக்காவை ஒட்டி. அவள் குரல் வருவது முதல் பகுதியில் இடையிடையே வரும் கனவுத் துண்டுகளில் மட்டும்தான். கடைசியில் ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருக்கிறது, அக்கா வெளியே மரங்களை முறைத்துப் பார்க்கிறாள். தங்கை பிழைப்பாளா என்று தெரியாது. "அவளுக்கு என்னதான் பிரச்சினை" என்று கேட்கிற வாசகர், அந்த வீட்டில் எல்லாரும் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறார். பதில் கொடுத்திருந்தால் நாவலாசிரியரும் அவளைப் பற்றிப் பேசிய நான்காவது ஆளாக ஆகியிருப்பார்.

பேச்சு முட்டி நின்றால் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். முதல் பத்துப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். முடிவு தெரிந்த காதுக்கு அந்தப் பக்கங்கள் வேறு மாதிரி கேட்கும், அரைமணி நேரத்தில் யாராவது ஒருவர் "இதை முன்னாலேயே சொல்லிட்டாரே" என்பார். அப்படி யாரும் சொல்லவே இல்லையென்றால் அந்த நாவல்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்புறம், பாத்திரத்தின் எதிர்காலத்தைப் பற்றி ஊகிப்பதற்கு ஒரு எல்லை வையுங்கள். "நான் என்ன நினைக்கிறேன்னா, அவள் திரும்பி வந்திருப்பாள்" என்று ஒருவர் சொன்னால், எந்த வரியை வைத்து என்று கேளுங்கள். வரி கிடைத்தால் அது வாசிப்பு. கிடைக்காவிட்டால் அது அவருடைய ஆசை. ஆசையும் பேசத் தகுந்ததுதான், ஆனால் நாவலைப் பற்றிய பேச்சாக அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

செய்து பார்க்க விரும்பினால் 'மாதொருபாகன்' வைத்தே செய்யலாம். எல்லாரும் முதல் நாவலை மட்டும் படியுங்கள். காளி என்ன செய்தான், ஏன் என்று ஆளுக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு பாதிப் பேர் 'ஆலவாயன்', பாதிப் பேர் 'அர்த்தநாரி'. அடுத்த முறை கூடும்போது தான் படித்ததைப் பற்றிச் சொல்வதற்கு முன், ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்த பத்தியில் பொன்னாவின் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.